அப்பாவின் புல்லு மெஷின் கடைக்கு அகப்பக்கம்: 3,500 வெள்ளி கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

புல்லுக்கடை மகள்
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். பெரியவர்களுக்குப் பழைய பேரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் புரியும். அப்பா இங்கே 27 வருடமாகப் புல்லு மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கார்பரேட்டர் கழுவுவது, பிளக் மாற்றுவது, இழுத்த கயிறு உள்ளே போகாத ஸ்டார்ட்டர், செம்பனை அரிவாள் தீட்டுவது என்று எல்லா வேலையும் உண்டு.

முன்பு சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்களே போதும், வாரம் முழுக்க வேலை இருக்கும். தோட்டத்து லயன் வீடுகள் காலியாகி எல்லோரும் தாமான் குடியிருப்புகளுக்குப் போன பிறகு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இப்படி ஒரு கடை இருப்பதே தெரியாது. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது தெருவில் இருக்கும் ஒரு பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்), மெஷினை ரவாங் வரைக்கும் தூக்கிப்போய் ரிப்பேர் செய்திருக்கிறார். அதைக் கேட்ட அன்று அப்பா சரியாகச் சாப்பிடவே இல்லை.

போன வாரம் ஒரு தம்பி மடிக்கணினியோடு கடைக்கு வந்தார். ஐந்து பக்கத்தில் அகப்பக்கம், 3,500 வெள்ளி. பராமரிப்புக்கு வருடம் 800. மாதிரி காட்டினார். மேலே படம் தானாக நகர்கிறது, கீழே ‘எங்கள் தொலைநோக்கு’, அதற்கும் கீழே கைகுலுக்கும் இரண்டு வெள்ளைக்காரர்கள். அப்பா கையில் இருந்த கிரீசைத் துடைத்தபடி பார்த்துவிட்டு, “இதப் பாத்துட்டு எவன்மா மெஷின தூக்கிட்டு வருவான்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

முகநூலில் கடைப் பக்கம் இருக்கிறது. 412 பேர் தொடர்கிறார்கள், அதில் பாதி சொந்தக்காரர்கள். அகப்பக்கம் தேவைதானா?

லோரி ஆறு டயர்
ஞாயிறு, இரவு 10.05

தேவையே இல்லை தங்கச்சி. டிக்டாக்கில் அப்பா மெஷின் கழற்றுவதை வீடியோ எடுத்துப் போடு. இந்தக் காலத்தில் அகப்பக்கம் எவன் பார்க்கிறான்?

நிரல்காரன்
ஞாயிறு, இரவு 11.20

அண்ணே சொல்லும் வீடியோ நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது, மெஷின் கிளம்பவில்லை, அந்த ஆள் டிக்டாக்கைத் திறப்பாரா? கூகுளில் தேடுவார். அப்போது உங்கள் கடை வரவேண்டும். முகநூல் பதிவு நாலு நாளில் கீழே போய்விடும்.

இதே வேலையைப் பதினோரு வருடமாகச் செய்கிறேன், நானும் காசு வாங்குகிறவன்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கச்சி, இப்போதைக்கு ஒரு காசும் செலவு செய்யாதே. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அப்பாவின் கைப்பேசிக்குப் பக்கத்தில் வை. ஒரு வாரம் வருகிற அழைப்பையெல்லாம் எழுது. என்ன கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்று மூன்றும் வேண்டும். ‘கார்பரேட்டர் பிரச்சினை’ என்று நீ திருத்தி எழுதாதே. ‘ஆன் பண்ணா இருமுது’ என்று அவர் சொன்னால் அப்படியே எழுது. அதைக் கொண்டுவா, பேசுவோம்.

பழைய கிராணி
திங்கள், காலை 7.15

மகளே, உன் கடை எனக்குத் தெரியும். கோயில் புல்லு மெஷினை உன் அப்பாதான் பார்க்கிறார்.

வார்த்தை பற்றி நிரல்காரர் சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. மலேசியாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் செம்பனை போட்டது 1917இல், நம் பக்கத்துத் தோட்டத்தில்தான். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். தோட்டத்தின் பேர் என்ன? தென்னமரம்! பேர் தென்னை, நட்டது செம்பனை. நம் ஊரும் அப்படித்தான். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாற்றினார்கள், எனக்கு இன்னும் வாயில் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. என் பேரன் யுனிசெல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், அவனுக்குப் பழைய பேர் தெரியவே தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடையைத் தேடினால் இரண்டு விதமாகத்தான் தட்டுவோம். இதை அந்த மடிக்கணினித் தம்பி யோசித்திருப்பாரா?

அப்புறம், பணம் கொடுக்குமுன் ஒரு விஷயம். என் தங்கை மகன் கனோப்பி, நாற்காலி வாடகைக்கு விடுகிறான். ஒருவரிடம் 2,800 வெள்ளி கொடுத்து அகப்பக்கம் போட்டான். லோரியின் இரண்டு பக்கமும் அந்த முகவரியைப் பெரிதாக எழுதினான். இரண்டாவது வருடம் செய்து கொடுத்தவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். பார்த்தால், முகவரியை அவர் தன் பேரில் பதிந்திருக்கிறார்! புதுப்பிக்க ஆளில்லாமல் அது காலாவதியாகி, வேறு யாரோ எடுத்துச் சூதாட்டப் பக்கம் போட்டுவிட்டான். கல்யாண வீட்டு வாசலில் என் தங்கை மகனின் லோரி, அதில் சூதாட்டத்துக்கு வழி. பெயின்டர் வந்து அழிக்கும் வரை லோரியைத் திருப்பித் திருப்பி நிறுத்தினான்.

நிரல்காரன்
திங்கள், மதியம் 1.10

ஐயா சொன்னது எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. டொமைன், அதாவது அகப்பக்க முகவரி, கடையின் நிலப் பட்டா மாதிரி. கட்டடத்தை யார் வேண்டுமானாலும் கட்டட்டும், பட்டா உன் அப்பா பேரில் இருக்கட்டும். பதியும்போது கொடுக்கும் மின்னஞ்சல் உங்களுடையது, கடவுச்சொல் உங்களுடையது, வருடாவருடம் பணம் கட்டுவதும் நீங்கள்.

டாட் எம்வை முகவரிகளை மைனிக் நிர்வகிக்கிறது. டாட் காம் டாட் எம்வை வேண்டுமென்றால் வியாபாரப் பதிவு இருக்க வேண்டும். அப்பாவிடம் எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு இருக்கும்தானே? சொந்தப் பேரில் என்றால் வருடம் 30 வெள்ளி, கடைக்கென்று தனிப் பேர் வைத்திருந்தால் 60. அது உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார். பேரைச் சின்னதாக வை, இடையில் கோடு போடாதே. போனில் சொன்னால் ஒரே தடவையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

புல்லுக்கடை மகள்
அடுத்த திங்கள், இரவு 8.30

நோட்டு நிரம்பிவிட்டது. ஏழு நாளில் 58 அழைப்பு. அப்பா முதல் நாள் முனகினார், மூன்றாவது நாளிலிருந்து அவரே ‘எழுது, எழுது’ என்று கை காட்டினார்.

‘கடை திறந்திருக்கா’ என்பது மட்டும் 21. ‘எங்க இருக்கு’ 12. அதில் எல்லோருக்கும் அப்பா சொன்ன வழி, “பழைய தியேட்டர் இருந்த இடம்”. அந்தத் தியேட்டரை நானே பார்த்ததில்லை. மீதியில் விலை, எத்தனை நாள் ஆகும், என் மாடலுக்குச் சாமான் இருக்கா, வீட்டுக்கு வந்து எடுத்துப்போவீர்களா.

35 பேர் மலாயில் பேசினார்கள், 17 பேர் தமிழ், மற்றவர்கள் சீன அங்கிள்கள், அவர்களும் மலாய்தான். ‘மெசின் ரும்புட்’, மலாயில் புல்லு மெஷின், என்ற ஒரே சொல்தான் எல்லோர் வாயிலும். மடிக்கணினித் தம்பி காட்டிய மாதிரியில் ‘தோட்டக்கலை உபகரணத் தீர்வுகள்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த வார்த்தையை ஒருத்தரும் சொல்லவில்லை. ஊர்ப் பேரை ஐயா சொன்னமாதிரிதான், பாதிக்குப் பாதி.

இன்னொன்று. ஐந்து பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: பெட்ரோலில் எண்ணெய் எவ்வளவு கலக்க வேண்டும்?

நிரல்காரன்
அடுத்த திங்கள், இரவு 10.50

தங்கச்சி, உன் அகப்பக்கம் அந்த நோட்டில் இருக்கிறது.

ஒரே பக்கம் போதும். மேலே நகரும் படம் வேண்டாம். முதல் வரியில் என்ன கடை, எந்த ஊர்: ‘ரிப்பேர் மெசின் ரும்புட், பெஸ்தாரி ஜெயா, பத்தாங் பெர்ஜுந்தை’. ஊரின் பழைய பேர், புதுப் பேர் இரண்டும் வரட்டும். தேடலில் நீல நிறத்தில் வருமே தலைப்பு, அதிலும் இதே வார்த்தைகள். அதற்குக் கீழே திறக்கும் நேரம், எந்த நாள் விடுமுறை. அதற்குக் கீழே இரண்டு பொத்தான், ஒன்று அழைக்க, ஒன்று புலனம் (வாட்ஸ்அப்). கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில் பெரிதாக வை. பார்க்கிறவர்கள் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள்.

புலனச் சுட்டியில் எண்ணை எழுதும்போது நம் ஆட்கள் அடிக்கடி ஒரு தப்பு செய்வார்கள். நாட்டு எண் 60. கைப்பேசி எண்ணின் முதல் சைபரை எடுத்துவிட வேண்டும். 012இல் தொடங்கும் எண் 6012 என்று வரும். 60012 என்று போட்டால் சுட்டி வேலை செய்யாது. கூட்டல் குறியும் இடைக்கோடும் கூடாது. என் வாடிக்கையாளர் ஒருவர் எட்டு மாதம் ‘யாருமே மெசேஜ் அனுப்புவதில்லை’ என்று குறைபட்டார். பார்த்தால் இந்தச் சைபர்தான்.

வழிக்கு, பழைய தியேட்டரை விட்டுவிடு, இப்போது கண்ணில் படுவதைச் சொல். சாலையில் நின்று கடை முகப்பைப் படமெடு, பெயர்ப்பலகை தெரியட்டும். படங்களைச் சுருக்கிப் போடு. கைப்பேசிப் படம் ஒன்று நாலு எம்பி இருக்கும், 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் 200 கேபிக்குள் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. செம்பனைக் காட்டுக்குள் ஒரு கோடு சிக்னலில் நிற்கிறவர்தான் உன் வாடிக்கையாளர், ஞாபகம் வைத்துக்கொள்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றே செய்ய வேண்டியது கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது. இலவசம். கடையைச் சரிபார்க்கக் கூகுள் உன்னிடம் வீடியோ கேட்கக்கூடும். தெருவையும் பெயர்ப்பலகையையும் அப்பா வேலை செய்யும் மேசையையும் ஒரே ஓட்டமாக எடு. தேடியதற்குப் பொருத்தம், தூரம், கடைக்கு இருக்கும் புகழ், இந்த மூன்றைப் பார்த்து வரிசைப்படுத்துகிறோம் என்று கூகுளே சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது, மற்ற இரண்டும் நம் கையில். கடைப் பேர், முகவரி, எண் மூன்றும் வரைபடத்திலும் அகப்பக்கத்திலும் முகநூலிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

எண்ணெய்க் கேள்விக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம். அப்பா என்ன சொல்கிறார்?

புல்லுக்கடை மகள்
அடுத்த திங்கள், இரவு 11.15

மெஷினைப் பொறுத்தது என்கிறார். 25க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி எண்ணெய், 50க்கு 1 என்றால் 20 மில்லி. மெஷினோடு வந்த புத்தகத்தையோ மூடியில் எழுதியிருப்பதையோ பார்க்கச் சொல்கிறார். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் கோடு விழுந்துவிடும், அப்புறம் ரிப்பேர் செய்வதைவிடப் புதுசு வாங்கலாம். வெட்டி முடித்து மாதக்கணக்கில் மூலையில் வைக்கிறவர்கள் டாங்கியைக் காலி செய்துவிட்டு, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டுமாம். உள்ளே நிற்கும் பெட்ரோல் பிசினாகி கார்பரேட்டரை அடைத்துவிடும். எங்கள் கடைக்கு வருவதில் பாதி அந்தக் கேஸ்தான். “இதையெல்லாம் சொல்லிட்டா நம்ம கடைக்கு எவன் வருவான்?” என்றும் கேட்டார்!

பழைய கிராணி
செவ்வாய், காலை 6.50

27 வருடமாக வாயால் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார். கேட்டவர்கள் வராமலா போனார்கள்?

சாப்பாட்டு அக்கா
செவ்வாய், மதியம் 3.00

நான் இஜோக்கில் கேட்டரிங் செய்கிறேன். விலையைப் போடு தங்கச்சி. நான் முதலில் ‘விலைக்கு அழைக்கவும்’ என்றுதான் வைத்திருந்தேன். நாள் முழுக்கக் கரண்டியும் போனுமாக இருந்தேன், அழைத்தவர்களில் பாதிப் பேர் விலை கேட்டதும் ‘சரிக்கா, சொல்றேன்’ என்று வைத்துவிடுவார்கள். ஒரு தலைக்கு இவ்வளவிலிருந்து என்று போட்ட பிறகு அழைப்பு குறைந்தது, ஆனால் அழைப்பவர்கள் தேதியோடு பேசுகிறார்கள்.

லோரி ஆறு டயர்
செவ்வாய், மதியம் 3.25

போட்டிக் கடைக்காரன் பார்த்து ஐந்து வெள்ளி குறைப்பான், பரவாயில்லையா?

சாப்பாட்டு அக்கா
செவ்வாய், மதியம் 3.40

அண்ணே, ஆள் அனுப்பிக் கேட்டால் இன்றைக்கே தெரிந்துவிடும். மறைத்து யாரை ஏமாற்றப் போகிறோம்?

நிரல்காரன்
செவ்வாய், மாலை 6.30

சர்வீஸுக்கும் தீட்டுவதற்கும் நிலையான விலை போடலாம். சாமான் மாற்றும் வேலைக்கு ‘கழற்றிப் பார்த்துவிட்டு முதலில் விலை சொல்வோம், நீங்கள் சரி என்றால்தான் செய்வோம்’ என்று எழுது. மெஷின் கொண்டுவருகிறவனுக்கு இருக்கும் பயமே அதுதான்.

மொழிக்கு, மலாய் முதலில், தமிழ் அடுத்து. தமிழை நீயே எழுது. ஒரு கடைக்கு இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போட்டிருந்தார்கள். மலாயில் கத்தியின் வெட்டும் தகட்டை ‘மாத்தா பிசாவ்’ என்போமே, மாத்தா என்றால் கண் என்பதால் அது தமிழில் ‘கத்திக் கண்’ என்று வந்திருந்தது. கத்திக் கண் மாற்ற 15 வெள்ளியாம், எந்த மருத்துவமனையோ! அப்பாவிடம் பழைய நோட்டீஸ் ஏதாவது இருந்து, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியிருந்தால் அதை ஒட்டாதே, குப்பை எழுத்தாக வரும். மறுபடி தட்டு. விலைப்பட்டியலைப் படமாகவும் போடாதே, எழுத்தாகப் போட்டால்தான் தேடலில் அகப்படும்.

ஓரமாய் நிற்பவன்
செவ்வாய், இரவு 9.00

பேர், நம்பர் கேட்கும் படிவம் ஒன்று வேண்டாமா? எல்லாத் தளத்திலும் இருக்கிறதே.

நிரல்காரன்
செவ்வாய், இரவு 9.30

எதற்கு? புலனம் இருக்கும்போது படிவத்தை யாரும் நிரப்ப மாட்டார்கள், ரோபோக்கள்தான் நிரப்பும். ஆளின் விவரத்தை வாங்கி வைத்தால் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வைக்க வேண்டும், அந்த விவரத்தைப் பத்திரமாகக் காக்கவும் வேண்டும். தேவை வரும்போது பார்க்கலாம்.

பராமரிப்புக்கு வருடம் 800 என்றாரே அந்தத் தம்பி, எதற்கு என்று கேட்டாயா? வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் செய்தால் அதையும் அதோடு ஒட்டும் செருகுநிரல்களையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், மாதம் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். விட்டால் ஓட்டை வழியாக எவனாவது நுழைவான். அதைச் செய்கிறார் என்றால் காசு நியாயம். ஆனால் ஒரே பக்கத்தை எந்த மென்பொருளும் இல்லாமல் வெறும் எச்டிஎம்எல் குறிமொழியில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, இலவசமாக வைக்கும் இடங்களும் உண்டு. தளம் பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுச் சான்றிதழும் (எஸ்எஸ்எல்) இப்போது இலவசம்தான். அது இல்லாவிட்டால் 2018லிருந்து குரோம் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டுகிறது. அதற்கென்று தனியாக 300 வெள்ளி கேட்டால் கொடுக்காதே.

நீ செய்ய வேண்டிய பராமரிப்பு வேறு. புல்லுக்கும் சீசன் உண்டு. ஏப்ரல் ஆரம்பத்தில் செங் பெங், சீனர்கள் கல்லறையைச் சுத்தம் செய்வார்கள். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் மலாய்க்காரர்கள், தீபாவளிக்கு முன்னால் நம் ஆட்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் முன்பே ‘இந்தத் தேதிக்குள் கொண்டுவந்தால் பண்டிகைக்கு முன் கிடைக்கும்’ என்று ஒரு வரி மாற்று. விடுமுறை நாளை வரைபடத்திலும் மாற்று. திறந்திருக்கிறது என்று நம்பி வந்து பூட்டைப் பார்த்தவன் ஒரு நட்சத்திரம்தான் கொடுப்பான்.

புல்லுக்கடை மகள்
நான்கு மாதம் கழித்து, சனி, இரவு 10.20

இந்த இழையை மறந்திருப்பீர்கள். மடிக்கணினித் தம்பியிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அண்ணன் சொன்னபடி ஒரு பக்கம், எண்ணெய்க்கு ஒரு பக்கம். நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். டொமைன் அப்பா பேரில். மொத்தச் செலவு 96 வெள்ளி, அதில் பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டிய கியூஆர் தாளும் அடக்கம்.

முதல் ஆறு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். தேடலிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்தால் நாளைக்கு இரண்டு பேர், மூன்று பேர். அதில் ஒருவர் நான். பிறகு மெல்ல ஏறியது. அதிகம் பேர் உள்ளே வருவது எண்ணெய்ப் பக்கத்துக்குத்தான். ஜொகூரிலிருந்தும் வருகிறார்கள், அவர்களால் எங்களுக்குக் காசு இல்லை, அப்பாவுக்கு மட்டும் பெருமை. ஆனால் கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான் பக்கத்து ஆட்கள் அதைப் படித்துவிட்டு மெஷினோடு வருகிறார்கள். ‘பத்தாங் பெர்ஜுந்தை’ என்று தேடி வந்தவர்கள் புதுப் பேரில் தேடியவர்களைவிட அதிகம், ஐயாவுக்குச் சொல்கிறேன். ‘கடை திறந்திருக்கா’ அழைப்பு வாரத்துக்கு ஏழெட்டாகக் குறைந்துவிட்டது.

நட்சத்திரம் போடச் சொல்லிக் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். வேலை முடிந்து மெஷினை ஒரு தடவை இழுத்துக் கிளப்பிக் காட்டுவாரே, அந்த நேரத்தில் நான் கியூஆர் தாளைக் காட்டுகிறேன். இதுவரை 31 வந்திருக்கிறது. ஒன்று மட்டும் இரண்டு நட்சத்திரம், ‘மதியம் வந்தேன், யாரும் இல்லை’ என்று. அப்பா ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பிடப் போவார், நான் எழுத மறந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டு நேரத்தையும் மாற்றினேன். அவர் மறுபடி வந்தார், நட்சத்திரத்தை மட்டும் மாற்றவில்லை.

அப்புறம், மூன்றாவது தெரு பாக்சிக் போன செவ்வாய் வந்தார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, கார்பரேட்டரைக் கழுவிக் கொடுத்துவிட்டு ஐந்து வெள்ளி குறைத்து வாங்கினார்.

லோரி ஆறு டயர்
சனி, இரவு 10.45

சரி, தோற்றேன். தங்கச்சி, செயின்சா தீட்டுவீர்களா? உன் பக்கத்தில் தேடினேன், காணோம்.

புல்லுக்கடை மகள்
சனி, இரவு 10.52

தீட்டுவோம் அண்ணே, 27 வருடமாக! இருங்கள், இப்போதே போடுகிறேன்.